தேனீயின் நரம்பும் பிளாஸ்டிக்கில் கலந்த இரசாயனங்களும்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பகுதிகளில் தோட்டக்கால் வைத்திருக்கும் விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, பூசணிக் கொடி நன்றாகப் படர்ந்திருக்கிறது. பூவும் நிறையப் பூக்கிறது. பிஞ்சு மட்டும் நெல்லிக்காய் அளவு வந்ததும் மஞ்சளாகிக் கொட்டிவிடுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதே அக்கேள்வி.

பல நேரங்களில் இதற்கு மருந்து எதுவும் தேவையில்லை. மருந்து அடித்தால் நிலைமை இன்னும் மோசமாகும். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூவின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. அதைப் பெண் பூவுக்குக் கொண்டு சேர்க்கும் கூலியில்லா வேலையாள் தேனீ ஒன்றே. விடியற்காலையில் விரியும் பூ முற்பகலிலேயே வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் தேனீ பலமுறை வந்து போனால்தான் பிஞ்சு நின்று காயாகும். வராவிட்டால், அல்லது குறைவாக வந்தால், பிஞ்சு கொட்டும். முந்திரி, மா, முருங்கை, தென்னை, தர்ப்பூசணி, வெள்ளரி, பாகல் ஆகியவற்றின் மகசூலிலும் தேனீக்களுக்கும் பிற பூச்சிகளுக்கும் பெரும் பங்கு உண்டு.

தேனீக்கள் குறைவதற்குப் பூச்சிகொல்லி மருந்து, பூ மரங்களின் அழிவு, கூடு கட்ட இடமின்மை எனப் பல காரணங்கள் உள்ளன. இவற்றோடு அண்மை ஆண்டுகளில் ஆராய்ச்சியாளர்கள் கவனிக்கத் தொடங்கியிருக்கும் காரணம் ஒன்றும் சேர்ந்துள்ளது. பிளாஸ்டிக்கும் அதில் கலக்கப்படும் இரசாயனங்களும் பூச்சிகளின் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கின்றன என்பதே அது. இதை விவசாயிகள் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும், என்ன செய்யலாம் என்பவற்றைக் கீழே காணலாம்.

கண்ணெதிரே சாகும் தேனீக்கள்

பேருந்து நிலையத்து டீக்கடை ஓரத்தில் வைத்திருக்கும் குப்பைத் தொட்டியை ஒரு மாலை நேரம் நின்று பார்த்தால் போதும். குடித்து எறிந்த பேப்பர் கப்புகளின் அடியில் சர்க்கரை கலந்த டீயும் காப்பியும் மிச்சமிருக்கும். அதைத் தேடித் தேனீக்கள் மொய்க்கும். இறங்கிய தேனீக்களில் பல திரும்பி ஏறுவதில்லை.

மதுரை தியாகராசர் கல்லூரி ஆய்வாளர்கள் இதைக் கணக்கெடுத்து, 2011 ஆம் ஆண்டு 'கரண்ட் சயின்ஸ்' என்ற அறிவியல் இதழில் வெளியிட்டனர். தமிழ்நாட்டில் ஐந்து காப்பிக் கடைகளில் 30 நாட்கள் எண்ணியதில், செத்துக் கிடந்த தேனீக்கள் 25,211. சராசரியாக ஒரு கடைக்கு ஒரு நாளைக்கு 168 தேனீக்கள். ஒரு முறை சர்க்கரையின் சுவை கண்ட தேனீ, பூவைத் தேடி அலைவதை விட்டுக் குப்பைத் தொட்டிக்கே மீண்டும் மீண்டும் வருவதையும் இந்த ஆய்வு சுட்டிக்காட்டியது.

பேப்பர் கப் என்று சொன்னாலும், நீர் ஊறாமல் இருக்க அதன் உட்புறம் பாலிதீன் பூசப்பட்டிருக்கும். அதன் வழுவழுப்பில் தேனீயின் கால்கள் பற்றி ஏற முடிவதில்லை. தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புகளும் இடம்பெற்றுள்ளன.

இங்கே தேனீ செத்தது இனிப்பு நீரில் சிக்கியதால், இரசாயனத்தால் அன்று. செத்த தேனீயை எண்ணிவிடலாம். ஆனால், பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் பொருட்களைத் தொட்டும் குடித்தும் விட்டு, உயிரோடு பறந்து செல்லும் தேனீக்கு என்ன நேர்கிறது என்பதை அப்படி எளிதில் எண்ண முடியாது. விவசாயிக்கு மகசூல் இழப்பு அங்கிருந்தும் வரக்கூடும்.

பிளாஸ்டிக் ஒரே பொருள் அன்று

அப்பளத்துக்கு மாவு மட்டும் போதாது. உப்பு, காரம், பிரண்டைச் சாறு எல்லாம் சேர வேண்டும். அதேபோல் பிளாஸ்டிக்கும் ஒரு மூலப்பொருளோடு பல இரசாயனங்கள் சேர்ந்து உருவாவதே. வளைந்து கொடுப்பதற்கு மென்மையூட்டும் பொருள், வெயிலில் கெடாதிருக்க நிலைப்படுத்தும் பொருள், எளிதில் தீப்பிடிக்காதிருக்க ஒரு பொருள், நிறத்துக்கு ஒரு பொருள் என்று தேவைக்கு ஏற்பச் சேர்க்கிறார்கள்.

மோட்டாரிலிருந்து தண்ணீர் விடப் பயன்படும், வளையக்கூடிய பி.வி.சி. குழாயை எடுத்துக்கொள்வோம். அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை தாலேட் எனப்படும் மென்மையூட்டும் எண்ணெய் இருக்கலாம். இந்த எண்ணெய் பிளாஸ்டிக்கோடு இரசாயன முறையில் பிணைந்திருப்பதில்லை. பஞ்சில் ஊறிய எண்ணெய் போல இடையிடையே தங்கியிருக்கிறது. புதுக் குழாயைப் பிரித்தவுடன் ஒரு நெடி வரும். அதே குழாய் நான்கு கோடை வெயில் கண்ட பின் விறைத்து, வெடித்துப் போகும். உள்ளே இருந்த எண்ணெய் எங்கே போயிற்று? காற்றிலும், அதன் வழியே ஓடிய நீரிலும், அது கிடந்த மண்ணிலும் கலந்துவிட்டது. வெப்பம் கூடக் கூட இந்தக் கசிவும் கூடும்.

விளம்பரத்துக்குக் கட்டும் பிளக்ஸ் பேனரும் பி.வி.சி. வகையே. விழா முடிந்ததும் அது வைக்கோல் போருக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் கூரையாக வந்து சேருவதை ஊர்தோறும் காணலாம்.

எல்லாப் பிளாஸ்டிக்கும் இப்படிப்பட்டதன்று. சொட்டு நீர்ப் பாசனக் குழாய், நிலப்போர்வைத் தாள், உரச்சாக்கு போன்றவை பாலிதீன், பாலிபுரோப்பிலீன் வகைகளால் ஆனவை. இவற்றை வளையச் செய்யத் தாலேட் தேவையில்லை. வெயிலைத் தாங்குவதற்கான வேறு பொருட்கள் இவற்றில் சேர்க்கப்படுகின்றன. எனவே, பிளாஸ்டிக் என்றாலே ஒரே நஞ்சு என்று எண்ணுவதும் தவறு. ஒன்றும் செய்யாது என்று எண்ணுவதும் தவறு.

எறும்பின் உடலில் பிளாஸ்டிக் எண்ணெய்

பூச்சிகளின் உடல் மீது மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. உடலின் ஈரம் வற்றாமல் காப்பது அதுவே. எண்ணெய்த் தன்மையுள்ள தாலேட் மெழுகில் எளிதாகக் கரையும். பிரான்சு நாட்டில் தூர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலேன் லெனுவாரும் அவருடைய குழுவினரும் எறும்புகளின் மெழுகுப் பூச்சை ஆராய்ந்து, அதில் தாலேட் படிந்திருப்பதை 2012 இல் வெளியிட்டனர். காற்றில் மிதந்து வரும் தாலேட்டையே எறும்பின் உடல் பிடித்து வைத்துக்கொள்கிறது. தொழிற்சாலை எதுவும் அருகில் இல்லாத அமேசான் மழைக்காட்டு எறும்புகளிலும் அது இருப்பதை 2016 இல் அறிவித்தனர். இயற்கையில் காணப்படும் அளவிலேயே தாலேட் கொடுத்துப் பார்த்த 2014 ஆம் ஆண்டு ஆய்வில், இராணி எறும்புகள் முட்டையிடுவது குறைந்தது.

தாலேட்டுகள் பூச்சிகளுக்கு உறைக்கும் என்பது புதிய செய்தியும் அன்று. இரண்டாம் உலகப் போரின்போது கொசு கடிக்காமல் இருக்கப் படைவீரர்கள் உடலில் பூசிக்கொண்ட மருந்துகளில் ஒன்று டைமெத்தில் தாலேட். காய்ச்சல் பரப்பும் உண்ணிப் பூச்சிகள் ஏறாதிருக்கச் சீருடைகளில் தோய்க்கப்பட்டது டைபியூட்டைல் தாலேட். பூச்சியை விரட்டுவதற்குப் பயன்பட்ட அதே குடும்பத்துப் பொருட்களே பின்னர் பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் பணியில் பெரிய அளவில் இடம்பெற்றன.

பூச்சியின் நரம்பு வேலை செய்யும் விதம்

தேனீயின் மூளை கடுகு அளவே இருக்கும். அதற்குள் ஏறக்குறைய பத்து இலட்சம் நரம்புச் செல்கள் உள்ளன. எந்தப் பூவில் தேன் உண்டு, எந்த நேரத்தில் அது விரியும், கூட்டுக்கு எந்த வழியில் திரும்புவது என்பவற்றை எல்லாம் தேனீ கற்று நினைவில் வைக்கிறது. கூட்டுக்குத் திரும்பியதும் ஆடிக் காட்டி மற்றத் தேனீக்களுக்கும் வழி சொல்கிறது. இந்த நடனத்தின் பொருளைக் கண்டறிந்த கார்ல் வான் பிரிஷ் 1973 இல் நோபல் பரிசு பெற்றார்.

நரம்பில் செய்தி செல்லும் விதத்தைக் கண்மாய்ப் பாசனத்தோடு ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளலாம். ஒரு நரம்புச் செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் இடையே சிறு இடைவெளி உண்டு. அந்த இடத்தில் அசிட்டைல்கோலின் என்ற பொருள் சுரந்து, மடை திறந்த நீர் போலச் செய்தியை அடுத்த செல்லுக்குக் கடத்துகிறது. செய்தி போய்ச் சேர்ந்ததும் ஒரு நொதி அந்தப் பொருளைச் சிதைத்து மடையை அடைக்கிறது. நீர்ப்பாய்ச்சி வந்து வேண்டிய நேரத்தில் மடையை அடைப்பது போன்றதே இது. நீர்ப்பாய்ச்சியைக் கட்டிப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? நீர் ஓயாமல் பாய்ந்து வயல் மூழ்கும்.

மாலத்தியான், குயினால்பாஸ் போன்ற பாஸ்பரஸ் வகைப் பூச்சிகொல்லிகள் செய்வது இதைத்தான். நொதி முடங்குவதால் பூச்சி துடிதுடித்துச் சாகிறது. பிளாஸ்டிக்கில் கலக்கும் பொருட்கள் இந்த அளவுக்கு வீரியம் உள்ளவை அல்ல. அவை மடையைத் தகர்ப்பதில்லை. ஆனால் மடை சரியாகத் திறந்து மூடுவதைக் கெடுக்கக் கூடியவை. பூச்சி சாவதில்லை, கற்பதில் தவறுகிறது, நினைவு பிசகுகிறது, நடத்தை மாறுகிறது.

பூச்சிகொல்லிக்கு உறவான பிளாஸ்டிக் பொருள்

தீப்பிடிக்காதிருக்கவும் மென்மைக்காகவும் பிளாஸ்டிக்கில் சேர்க்கப்படும் பொருட்களில் ஒரு பிரிவு, பாஸ்பரஸ் வகைப் பூச்சிகொல்லிகளுக்கு இரசாயன அமைப்பில் உறவு முறை. டிரைபினைல் பாஸ்பேட், டிரைகிரிசைல் பாஸ்பேட் ஆகியவை இதில் அடங்கும்.

இவற்றில் டிரைகிரிசைல் பாஸ்பேட் மனிதர்களின் நரம்பைத் தாக்கியதற்கு வரலாறே சான்று. அமெரிக்காவில் 1930 இல் இஞ்சி மதுவில் இதைக் கலந்து விற்றதால் பல்லாயிரம் பேருக்குக் கால் விளங்காமல் போயிற்று. நம் நாட்டிலேயே கல்கத்தாவை அடுத்த பெகலாவில் 1988 இல் இது கலந்த சமையல் எண்ணெயை உண்ட நூற்றுக்கணக்கானோர் முடங்கினர்.

டிரைபினைல் பாஸ்பேட் பூச்சிகளிடம் செய்யும் வேலை விவசாயிகள் குறித்துக்கொள்ள வேண்டிய ஒன்று. மாலத்தியானை எதிர்த்துப் பழகிவிட்ட கொசுக்களின் உடலில், அந்த மருந்தைச் சிதைத்துப் பயனற்றதாக்கும் நொதி இருக்கும். டிரைபினைல் பாஸ்பேட்டை முதலில் கொடுத்தால் அந்த நொதி முடங்கும். பிறகு அதே கொசு மாலத்தியானுக்குப் பலியாகும். கொசுவின் எதிர்ப்புத் திறன் எதனால் வருகிறது என்று சோதிக்க ஆய்வுக்கூடங்களில் இந்த முறை கையாளப்படுகிறது. பிளாஸ்டிக்கில் சேரும் ஒரு பொருள், தனியே கொல்லாவிட்டாலும், பூச்சியின் தற்காப்பைத் தளர்த்திப் பூச்சிகொல்லியின் வேகத்தைக் கூட்டக்கூடும் என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு. தேனீக்குத் தீமை வருவதும் பெரும்பாலும் ஒன்றன் மேல் ஒன்று சேரும்போதே என்பதை மறக்கலாகாது.

ஈயமும் தேனீயும்

பி.வி.சி. குழாய் வெப்பத்தில் கெடாமல் இருக்க நெடுங்காலமாக ஈயச் சேர்மங்கள் சேர்க்கப்பட்டு வந்தன. பி.வி.சி. குழாய்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தி, படிப்படியாக விலக்குவதற்கான விதிகளை மத்திய அரசு 2021 இல் வெளியிட்டது. ஆயினும் அதற்கு முன் பதித்த குழாய்களும், உடைத்துப் போட்ட துண்டுகளும் வயல்களில் இன்றும் உள்ளன.

பிரான்சில் துலூஸ் நகர ஆய்வாளர்கள் தேனீக் கூட்டங்களுக்கு மிகச் சிறு அளவு ஈயம் கலந்த சர்க்கரைப் பாகைப் பத்து வாரம் கொடுத்துப் பார்த்து, 2021 இல் முடிவை வெளியிட்டனர். அந்தக் கூட்டங்களில் வளர்ந்த தேனீக்களின் தலை சிறுத்திருந்தது. முன்பு கற்றதை மாற்றிப் புதிதாகக் கற்கும் திறனும் குறைந்தது. ஒரு வயலில் பூ முடிந்தால் அடுத்த வயலுக்கு மாறிச் செல்ல வேண்டிய தேனீக்கு இந்தத் திறன்தான் மிகவும் தேவை. ஈயம் பெட்ரோல் புகை, பழைய மின்கலம், வண்ணப் பூச்சு ஆகியவற்றிலிருந்தும் மண்ணில் சேர்ந்துள்ளது. பிளாஸ்டிக் அதற்கு ஒரு வழி மட்டுமே.

கடினமான பிளாஸ்டிக் பாத்திரங்களிலும் டப்பாக்களின் உட்பூச்சிலும் இடம்பெறும் பிஸ்பினால்-ஏ என்ற பொருளைப் பழ ஈக்களுக்குக் கொடுத்து, அமெரிக்க ஆய்வாளர்கள் 2015 இல் முடிவை வெளியிட்டனர். ஈக்களின் நடமாட்டமும், உடலைத் துடைத்துக்கொள்ளும் பழக்கமும், பிற ஈக்களோடு சேர்ந்திருக்கும் இயல்பும் மாறுபட்டன. இவை எல்லாம் நரம்பின் ஆளுகைக்கு உட்பட்டவை.

மூளை வரை செல்லும் துகள்

வெயிலில் மக்கிய பிளாஸ்டிக் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உதிர்கிறது. தேனீயின் உடல் மயிர்கள் மகரந்தத்தைப் போலவே இந்தத் துகள்களையும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகனிலும் சுற்றுப்புறத்திலும் 19 தேனீப் பண்ணைகளின் தேனீக்களை ஆராய்ந்த 2021 ஆம் ஆண்டு அறிக்கை இதைக் காட்டியது. நகரத்துக் கூடுகளில் மட்டுமன்றி, நாட்டுப்புறக் கூடுகளின் தேனீக்களிலும் பிளாஸ்டிக் துகள்களும் இழைகளும் இருந்தன.

இத்தாலியின் பிளாரன்சு நகர ஆய்வாளர்கள் 2024 இல் ஒரு படி மேலே சென்றனர். தெர்மாக்கோலின் மூலப்பொருளான பாலிஸ்டைரீன் துகளையும், கண்ணாடிக்கு மாற்றாகப் பயன்படும் அக்ரிலிக் பிளாஸ்டிக் துகளையும் சர்க்கரைப் பாகில் கலந்து தேனீக்களுக்குக் கொடுத்தனர். தேனீயின் உணர்கொம்பில் சர்க்கரையைத் தொட்டால், அது நாக்கை நீட்டும். ஒரு வாசனையைக் காட்டிச் சர்க்கரை கொடுத்துப் பழக்கினால், பிறகு வாசனைக்கே நாக்கை நீட்டும். இதுவே தேனீயின் கல்வியை அளக்கும் வழி. துகள் உண்ட தேனீக்களிடம் சர்க்கரைக்கு நாக்கு நீட்டும் இயல்பும், கற்கும் திறனும், நினைவும் பாதிக்கப்பட்டன. பாலிஸ்டைரீனின் பாதிப்பு கூடுதலாக இருந்தது. உண்ட மூன்று நாட்களுக்குள் துகள்கள் மூளை வரை சென்றிருப்பதையும் நுண்ணோக்கியில் கண்டனர்.

எவ்வளவு அஞ்ச வேண்டும்?

இவை பெரும்பாலும் ஆய்வுக்கூட முடிவுகள். வயலில் ஒரு தேனீக்குக் கிடைக்கும் அளவை விடச் சில சோதனைகளில் கூடுதல் அளவு கொடுக்கப்பட்டது. தேனீக்களுக்கு இன்று முதல் எதிரி, பூத்திருக்கும் நேரத்தில் தெளிக்கும் பூச்சிகொல்லி மருந்தே. பிளாஸ்டிக் அதற்குப் பின்னால் வரும் துணை எதிரி.

செட்டிநாட்டுச் சரளை மண்ணில், மழையை நம்பிய சீமையில், சொட்டு நீர்க் குழாயையும் நிலப்போர்வையையும் விட்டுவிடச் சொல்வது அறிவுடைமை ஆகாது. நீரை மிச்சப்படுத்துவதில் அவற்றுக்கு ஈடில்லை. பயன்படும்போது பிளாஸ்டிக் நண்பன். பயன் முடிந்த பின் வரப்பிலும் ஊருணிக் கரையிலும் கிடந்து வெயிலில் உதிர்வதும், குவித்து எரிக்கப்படுவதுமே தீமை. கவனம் வைக்க வேண்டிய இடம் அது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. பிஞ்சு கொட்டினால் உடனே மருந்துக் கடைக்குப் போகாமல் ஒரு சோதனை செய்து பார்க்கவும். மறுநாள் விரியப் போகும் பெண் மொட்டுகளில் இருபதை முதல் நாள் மாலை பார்த்து வைக்கவும். பெண் மொட்டின் அடியில் குட்டிக் காய் இருக்கும். விடிந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, பத்துப் பெண் பூக்களின் நடுவே மகரந்தத்தைத் தடவி, நூல் கட்டி அடையாளம் செய்யவும். மற்றப் பத்துக்கு வேறு நிற நூல் கட்டி அப்படியே விடவும். ஒரு வாரம் கழித்து எண்ணவும். தடவியவை நின்று, தடவாதவை கொட்டியிருந்தால் குறை தேனீயில்தான். இரண்டும் கொட்டியிருந்தால் நீர், உரம், பழ ஈ ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இதற்குச் செலவு ஒரு நூல்கண்டு மட்டுமே. வீணாக அடிக்கும் ஒரு மருந்தின் விலை மிச்சம்.

2. பூசணி, தர்ப்பூசணி, வெள்ளரி போன்று காலையில் பூப்பவற்றுக்கு மருந்து அவசியமானால், தேனீ அடங்கிய மாலையில் தெளிக்கவும். பீர்க்கு, சுரை போன்று மாலையில் பூப்பவற்றில் பூ விரியும் நேரத்தில் தெளிக்கக் கூடாது.

3. விறைத்து வெடித்த பி.வி.சி. குழாய், கிழிந்த பிளக்ஸ், பழைய நிலப்போர்வைத் தாள் ஆகியவற்றை வரப்பில் போட்டு வைக்காமல், மூட்டையாகக் கட்டிப் பழைய பொருள் வாங்குபவரிடம் கொடுக்கவும். அறுவடை முடிந்ததும் நிலப்போர்வைத் தாளை முழுவதும் உருவி எடுத்த பின்னரே உழவு ஓட்டவும். தாளோடு சேர்த்து உழுதால் துண்டுகள் மண்ணிலேயே தங்கிவிடும்.

4. பிளாஸ்டிக்கை எரிக்கவே கூடாது. பி.வி.சி. எரியும்போது அமிலப் புகையும் டயாக்சின் என்ற கொடிய நஞ்சும் உண்டாகும். புகை தேனீயை விரட்டும். அருகில் நிற்கும் குழந்தைகளின் நெஞ்சையும் கெடுக்கும்.

5. கோடையில் தேனீக்கு நீர் தேவை. நல்ல நீர் கிடைக்காவிட்டால் சாக்கடை ஓரத்துக்கும் குப்பைத் தொட்டிக்கும் போகும். தோட்டத்தில் நிழலான இடத்தில் அகலமான மண் தட்டில் கூழாங்கல் பரப்பி, கல்லின் தலை வெளியே தெரியும்படி நீர் ஊற்றி வைக்கவும். தினமும் நீரை மாற்றவும். தேனீ அந்த இடத்தைக் கற்றுக்கொண்டு நாள்தோறும் வரும்.

6. தேன் பெட்டி வைத்திருப்போர், பஞ்ச காலத்தில் கொடுக்கும் சர்க்கரைப் பாகை மண், பீங்கான் அல்லது எவர்சில்வர் கிண்ணத்தில் வைக்கவும்; மேலே சிறு குச்சிகளை மிதக்க விட்டால் தேனீ மூழ்காது. பாகு சூடாக இருக்கும்போது பிளாஸ்டிக்கில் ஊற்றக் கூடாது. பெட்டி மீது பிளக்ஸ் போர்த்துவதற்குப் பதிலாகத் தென்னங்கீற்றோ பனையோலையோ வேயவும்.

7. வயல் வேலையாட்களுக்கு டீ வாங்கும்போது பேப்பர் கப்பைத் தவிர்த்துத் தூக்குவாளியும் எவர்சில்வர் தம்ளரும் கொண்டு செல்லவும். டீக்கடை நடத்துவோர் குப்பைத் தொட்டிக்கு மூடி போட்டாலே பல நூறு தேனீக்கள் பிழைக்கும்.

8. பூச்சிகொல்லிப் புட்டியை மும்முறை நீர் ஊற்றிக் கழுவி, அந்த நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, புட்டியில் ஓட்டை போட்டு அப்புறப்படுத்தவும். ஊருணியிலும் கண்மாயிலும் எறியவே கூடாது.

ஊர் கூடிச் செய்ய வேண்டியது

நம் நாட்டு அடுக்குத் தேனீ, கூட்டைச் சுற்றி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள்தான் பெரும்பாலும் இரை தேடும். கொசுத் தேனீ அதைவிடக் குறைந்த தூரமே செல்லும். எனவே, ஒருவர் தோட்டத்துத் தேனீ என்று தனியே ஒன்று கிடையாது. ஒருவர் எரிக்கும் குப்பை பக்கத்துத் தோட்டத்துப் பூசணியையும் பாதிக்கும்; ஒருவர் வைக்கும் மண் தட்டு பக்கத்துத் தோட்டத்து முந்திரிக்கும் உதவும். ஊருணிக்கும் கண்மாய்க்கும் பொதுவில் காவல் வைத்த ஊர்களுக்கு, கரையில் பிளாஸ்டிக் சேராமல் காப்பது பெரிய காரியமன்று. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய மஞ்சப்பை இயக்கத்தையும் இதனோடு இணைத்துக்கொள்ளலாம்.

மகரந்தச் சேர்க்கை, தேனீ வளர்ப்பு ஆகியவை குறித்து ஐயம் உள்ளவர்கள் செட்டிநாட்டில் உள்ள மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தையோ, குன்றக்குடி வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ அணுகி ஆலோசனை பெறலாம். போகும்போது நூல் கட்டிய இருபது பூக்களின் கணக்கையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு செல்வது நல்லது. எத்தனை நின்றன, எத்தனை கொட்டின என்ற அந்தக் கணக்கைப் பார்த்தாலே, குறை தேனீயிலா, வேறு எதிலா என்பதை அலுவலர் அங்கேயே சொல்லிவிட முடியும்.